நிஜ முக்கொம்பா, ஊசி முக்கொம்பா?

போன தடவை ஜிஎஸ்டி பத்தி எழுதினதுக்கு "இன்டர்னல் மார்க்குக்கு எழுதின மாதிரி இருக்கு"ன்னு வகுப்புல ஓட்டித் தள்ளிட்டீங்க. அதனால இந்தத் தடவை கணக்கு வழக்கு கிடையாது (கொஞ்சூண்டு வரும், பொறுத்துக்கோங்க). இது பல் டாக்டர் பத்தின கதை. சின்னக் குழந்தையை முதல் முதலா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன பண்ணணும், முக்கியமா என்ன சொல்லக் கூடாதுங்கறதைப் பத்தி.

கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு கேக்கறவங்களுக்கு: எங்க வீட்டுல அஞ்சு வயசுல ஒரு குட்டி இருக்கா. அக்கா பொண்ணு, யூகேஜி. மாமா துபாய்ல. அக்காவுக்கு பேங்க் வேலை, வீடு வர ராத்திரி எட்டாயிடும். அதனால சடை பின்றது, ஹோம்வொர்க், பென்சில் சீவறது எல்லாம் சித்தி டிபார்ட்மென்ட். அதாவது நான்.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு குட்டி எழுந்து உக்காந்து அழுதா. கன்னத்தைப் பிடிச்சுகிட்டு ஒரே அழுகை. மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தா கீழ் வரிசையில, இடது பக்கம், கடைசிப் பல்லுல கறுப்பா ஒரு குழி. அம்மா கிராம்பை நசுக்கி வெச்சாங்க. "பல்லுல பூச்சி விழுந்திருக்கு, விழுற பல்லுதானே, விட்டுடு"ன்னாங்க.

இங்கதான் என் பி.காம் மூளை முழிச்சுக்கிச்சு. "விழுற பல்லு"ங்கறது, "இந்த மிஷின் எப்படியும் ஒரு நாள் காயலான் கடைக்குத்தான் போகப் போகுது, ரிப்பேர் எதுக்கு"ங்கற மாதிரி. கேக்க வேண்டிய கேள்வி, மிச்சம் எத்தனை வருஷம் ஓடணும்? பால் பல் மொத்தம் 20. முன்னாடி இருக்கறது ஆறு, ஏழு வயசுல ஆட ஆரம்பிச்சு விழுந்துடும், வாஸ்தவம்தான். ஆனா பின்னாடி இருக்கற கடைவாய்ப் பால் பல்லு 10, 12 வயசு வரைக்கும் இருந்தாகணும். குட்டிக்கு அஞ்சு. இன்னும் அஞ்சாறு வருஷம் அந்தப் பல்லுலதான் மென்னு தின்னணும். போதாக்குறைக்கு கீழே முளைக்கப் போற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கறதும் அதுதான். அது சீக்கிரமே போயிடுச்சுன்னா பக்கத்துப் பல்லு நகர்ந்து வந்து இடத்தை ஆக்கிரமிச்சுடும். பஸ்ல துண்டு போட்டு வெச்ச சீட்ல துண்டை எடுத்தா என்ன ஆகும், அதான்.

அம்மா ஒத்துக்கிட்டாங்க. உண்மையான சிக்கல் அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது.

போன வருஷம் குட்டிக்கு ஒரு தடுப்பூசி போட வேண்டியிருந்தது. ஊசின்னா வர மாட்டான்னு அப்பா (குட்டிக்குத் தாத்தா) "வாடா செல்லம், முக்கொம்பு போலாம்"னு கூட்டிட்டுப் போனார். வெளியூர்க்காரங்களுக்கு: முக்கொம்புங்கறது காவிரியிலேர்ந்து கொள்ளிடம் பிரியற இடம். மேலணை, பூங்கா, ஊஞ்சல், சறுக்கு மரம் எல்லாம் இருக்கும். திருச்சிப் பசங்களுக்கு அதைவிடப் பெரிய உலகம் கிடையாது. ஆட்டோ முக்கொம்பு போகல. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுது. ஊசி போட்டாச்சு, வேலை முடிஞ்சுது, தாத்தாவுக்கு நிம்மதி.

அதுலேர்ந்து வீட்டுல யாரு எங்க கூப்பிட்டாலும் குட்டி ஒரே ஒரு கேள்விதான் கேப்பா. "நிஜ முக்கொம்பா, ஊசி முக்கொம்பா?"

கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் இதே கேள்வி. மலைக்கோட்டைப் பிள்ளையாரைப் பாக்கப் போனாலும் இதே கேள்வி. சொந்தக்காரங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. எனக்கு என்னமோ அவ்வளவா சிரிப்பு வரல. அக்கவுண்டன்சில குட்வில்னு ஒண்ணு படிக்கிறோமே... கண்ணுக்குத் தெரியாது, கையில பிடிக்க முடியாது, ஆனா சொத்து. ஒரு ஊசிக்காக அதை மொத்தமா எழுதித் தள்ளிட்டார் எங்கப்பா. (சரி, கணக்கு வழக்கு இத்தோட முடிஞ்சுது.)

இப்ப பல்லு விஷயத்துக்கும் அதே திட்டம்தான் வீட்டுல ஓடிச்சு. ஐஸ்க்ரீம் கடைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாம்னு அப்பா. "உக்கார வெச்சு கையைக் காலைப் பிடிச்சுகிட்டா அஞ்சு நிமிஷ வேலை"ன்னு பக்கத்து வீட்டு மாமி. அதைக் கேட்டதும் அக்கா முகம் மாறிப் போச்சு. அக்காவுக்கு ஏழு வயசு இருக்கும்போது, ஒரு கிளினிக்ல மூணு பேர் அமுக்கிப் பிடிச்சுகிட்டுதான் பல்லைப் பிடுங்கினாங்களாம். இன்னிக்கு அக்காவுக்கு 31. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட பல் டாக்டர் வாசப்படி மிதிச்சதில்ல. லோன் கேட்டு வர்ற ஆளுங்களை எல்லாம் அசால்ட்டா சமாளிக்கிற பொம்பளை, பல் டாக்டர்னு சொன்னா உள்ளங்கை வேர்க்குது.

அமுக்கிப் பிடிச்சா வேலை நடக்கும்தான். ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு அக்கா 24 வருஷம் கட்டிகிட்டு இருக்கா. குட்டிக்கும் அது வேண்டாம்னு நான் பிடிவாதமா நின்னேன். எனக்கு நாலு நாள் குடுங்க, நான் தயார் பண்றேன்னேன். வலிக்கு டாக்டர்கிட்ட போன்ல கேட்டு சிரப் குடுத்தாச்சு, சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கியாச்சு.

என்கூட ஸ்கூல்ல படிச்ச தோழி ஒருத்தி பிடிஎஸ் கடைசி வருஷம். ராத்திரி ஒரு மணி நேரம் அவகிட்ட போன்ல பாடம் கேட்டேன். முதல் குண்டே பெருசா போட்டா. முதல் பல் முளைச்ச ஆறு மாசத்துக்குள்ள, இல்லன்னா முதல் பிறந்தநாளுக்குள்ளயே பல் டாக்டர்கிட்ட காட்டணும்னு அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி சொல்லுதாம். வலி இல்லாதப்பவே போயி, நாற்காலியில ஏறி இறங்கி, பல்லை எண்ணிட்டு வந்துட்டா அந்த இடம் பழகிடும். நம்ம ஊர்ல பெரும்பாலும் முதல் தடவை போறதே வலி வந்த பிறகுதான். புது இடம், புது ஆளு, வலி, ஊசி எல்லாம் ஒரே நாள்ல. எந்தக் குழந்தைதான் கத்தாது?

அடுத்து அவ சொன்னது "டெல்-ஷோ-டூ". சொல், காட்டு, அப்புறம் செய். அடெல்ஸ்டன்னு ஒரு பல் மருத்துவர் 1959ல எழுதின முறை, இன்னிக்கும் குழந்தைப் பல் மருத்துவத்துல முதல் பாடம் இதுதானாம். என்ன பண்ணப் போறோம்னு குழந்தைக்குப் புரியற வார்த்தையில சொல்லணும். அந்தக் கருவியை கையில வெச்சு, விரல் நகத்துல ஓட்டிக் காட்டணும். சொன்ன மாதிரியே, சொன்னதை மட்டும் செய்யணும். ஆறு மார்க் கேள்விக்குக்கூட தேறாத அளவுக்கு சாதாரண விஷயம். ஆனா நம்ம வீடுகள்ல இதுக்கு நேர் எதிராத்தான் நடக்குது. செஞ்சிடுவோம், அப்புறம் காட்டுவோம், சொல்லவே மாட்டோம்.

நாலு நாள்ல முதல் நாள் முழுக்க எனக்குப் பெரியவங்களைத் திருத்தறதுலயே போச்சு. எங்கம்மாவுக்கு ஒரு பழக்கம். குட்டி சாப்பிடலன்னா "டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லவா?" தூங்கலன்னா ஊசி. பல்லு விளக்கலன்னா ஊசி. இந்திய தண்டனைச் சட்டம் மாதிரி (இப்ப அது பேரு மாறிடுச்சு, 2024 ஜூலையிலேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா) எல்லாக் குத்தத்துக்கும் ஒரே செக்ஷன். வருஷம் முழுக்க டாக்டரை பூச்சாண்டி ஆக்கிட்டு, அன்னிக்கு மட்டும் "டாக்டர் ரொம்ப நல்லவங்கடா"ன்னா எப்படி நம்பும்? அம்மாகிட்ட நாலு நாளைக்கு ஊசிங்கற வார்த்தையே வீட்டுல வரக் கூடாதுன்னு கெஞ்சிக் கேட்டுகிட்டேன். ரெண்டு தடவை வந்துச்சு. பரவால்ல.

அப்புறம் "வலிக்காது", "பயப்படாதே" ரெண்டுக்கும் தடை. தோழி இதை ரொம்ப அழுத்திச் சொன்னா. குழந்தைக்கு "வலிக்காது"ல "காது" கேக்காது, "வலி"தான் கேக்கும். அதுவரைக்கும் வலியைப் பத்தி நினைக்காத குழந்தைக்கு, ஓ, வலிக்கிற இடம் போல இருக்குன்னு நாமளே எடுத்துக் குடுக்கறோம். "அழாம இருந்தா பார்பி பொம்மை வாங்கித் தர்றேன்"னு முன்னாடியே பேரம் பேசறதும் அப்படித்தான். பார்பி ரேஞ்சுக்குப் பரிசுன்னா நடக்கப் போறது எவ்வளவு பயங்கரமா இருக்கணும்னு குழந்தை கணக்குப் போட்டுடும். குழந்தைகளுக்கு நம்மளைவிட நல்லா வியாபாரம் தெரியும்.

மத்த மூணு நாளும் விளையாட்டுதான். சாய்வு நாற்காலியில ரெண்டு தலகாணி. மொபைல் டார்ச்சுதான் மேல இருக்கற லைட்டு. மருந்து ஊத்தற சின்ன ஸ்பூன்தான் கண்ணாடி. முதல்ல குட்டிதான் டாக்டர், நான் பேஷன்ட். என் பல்லை எண்ணினா. 28. (ஞானப் பல் இன்னும் வரல. ஏன்னு யாரும் கமென்ட் அடிக்க வேண்டாம்.) அப்புறம் அவ பல்லை நான் எண்ணினேன், 20. "எனக்கு மட்டும் ஏன் கம்மி?"ன்னு ஒரு மணி நேரம் சண்டை. அடுத்த நாள் அவ கரடி பொம்மைக்குப் பல் பாத்தோம். கரடி வாயே திறக்கல, அதுக்கு அவ சொன்ன அட்வைஸ் எல்லாம் எழுதினா தனிப் பதிவே போடலாம்.

சத்தத்துக்கும் பழக்கணும். நிறைய குழந்தைங்களுக்கு வலியைவிட அந்தச் சத்தம்தான் பயமாம். டிரில்லுக்கு "கொசு பாட்டுப் பாடுற மாதிரி கீய்ய்ய்ங்னு வரும்"னு நானே கத்திக் காட்டினேன். எச்சில் உறிஞ்சற குழாய்க்கு ஜூஸ் டம்ளர்ல கடைசிச் சொட்டை ஸ்ட்ராவுல உறிஞ்சச் சொன்னேன். சர்ர்ர்ர். அது அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் ஜூஸ். (பல்லுக்கு நல்லதான்னு கேக்காதீங்க.)

மூணாவது நாள் ராத்திரி, சடையை அவுத்து விட்டுகிட்டு இருக்கும்போது, கண்ணாடி வழியா என்னைப் பாத்து மெதுவா கேட்டா. "சித்தி, நாளைக்கு நிஜ முக்கொம்பா, ஊசி முக்கொம்பா?"

இதுக்கு ரெண்டு சுலபமான பதில் இருக்கு. "ஊசியே கிடையாது"ன்னு சொல்லலாம். அது எனக்கே தெரியாத விஷயம். ராத்திரியில தானா வலிச்சு எழுப்பற பல்லுன்னா சொத்தை உள்ள நரம்பு வரைக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம், அப்படின்னா மரத்துப் போக ஊசி வேணும்னு தோழி சொல்லியிருந்தா. "ஆமா, ஊசி போடுவாங்க"ன்னும் சொல்லலாம். முதல் நாள் வெறும் பாக்கறதோட விட்டுட்டா, தேவையில்லாம ராத்திரி பூரா பயமுறுத்தினதா ஆகும். நான் சொன்னது இதுதான்: "நாளைக்கு பல் டாக்டர்கிட்ட போறோம். உன் பல்லை எண்ணுவாங்க, போட்டோ எடுப்பாங்க. ஊசி உண்டா இல்லையான்னு சித்திக்குத் தெரியாது. டாக்டர் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க. போடறதா இருந்தா உனக்கு முன்னாடியே சொல்லச் சொல்றேன். சொல்லாம போட மாட்டாங்க."

கொஞ்ச நேரம் யோசிச்சா. "பிராமிஸா?" "பிராமிஸ்." தூங்கிட்டா. எனக்குத்தான் தூக்கம் வரல. டாக்டர் சார்பா நான் பிராமிஸ் பண்ணியிருக்கேனே, அவங்க ஒத்துக்கணுமே!

டாக்டரைத் தேர்ந்தெடுத்தது பத்தி ரெண்டு வரி. நாங்க இருக்கறது உறையூர். பக்கத்துல தில்லை நகர்ல தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு கிளினிக் வாசல்லதான் விழணும். போன் பண்ணி ஒரே கேள்வி கேட்டேன், வீட்டாள் ஒருத்தர் குழந்தைகூட உள்ள இருக்கலாமா? ஒரு இடத்துல "பேரன்ட்ஸ் வெளியிலதான் இருக்கணும்"னாங்க. நன்றி சொல்லி வெச்சுட்டேன். இன்னொரு இடத்துல குழந்தைப் பல் மருத்துவம் தனியா மேல் படிப்பு படிச்ச டாக்டர், "தாராளமா வாங்க, காலைலயே வந்துடுங்க, தூங்கி எழுந்து தெம்பா இருக்கும்"னாங்க. அங்கேயே போனோம். செலவு கையைக் கடிக்கும்னு நினைக்கறவங்களுக்கு: சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953லேர்ந்து இருக்கு, 2023ல புதுக்கோட்டையிலயும் ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. பல் மருத்துவக் கல்லூரிகள்ல குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கும், கிளினிக்கைவிட கம்மியாத்தான் ஆகும். நேரம்தான் கொஞ்சம் அதிகம் எடுக்கும்.

முதல் நாள் நினைச்சதைவிட சுலபமா போச்சு. அக்கா பின்னாடி ஸ்டூல்ல, நான் பக்கத்துல. பெரியவங்க பயம் குழந்தைக்கு ஒட்டிக்கும்ங்கறதால, அக்காவை வாயே திறக்க வேண்டாம்னு சொல்லியிருந்தேன். நாற்காலி மேல போறதும் கீழ வர்றதும் குட்டிக்கு ராட்டினம் மாதிரி ஆயிடுச்சு. எக்ஸ்ரேவுக்கு வாயில வைக்கிற அந்தச் சின்னத் தகடுதான் தொல்லை, ரெண்டு தடவை உமட்டிகிட்டு வந்துச்சு. மூணாவது தடவை எடுத்துட்டாங்க. தோழி கணிச்சது சரி. ஒரு பல்லுக்கு அடைச்சா போதும், இன்னொண்ணுக்கு பால் பல்லுக்குப் பண்ற ரூட் கேனல் பண்ணி மேல ஒரு ஸ்டீல் தொப்பி போடணும். அதுக்கு ஊசி வேணும். அடுத்த வாரம்.

குட்டி வரவேற்பறையில மீன் தொட்டி பாத்துகிட்டு இருக்கும்போது டாக்டர்கிட்ட என் பிராமிஸ் விவகாரத்தைச் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. "பொதுவா நாங்க அந்த வார்த்தையை எடுக்கறதில்லம்மா. பல்லைத் தூங்க வைக்கிற மருந்துன்னு சொல்லுவோம். ஊசியைக் கண்ணுல காட்டவும் மாட்டோம். முக்கால்வாசிக் குழந்தைங்களுக்கு அதுதான் நல்லது." நான் விடல. "இவ கேப்பா டாக்டர். கேட்டா என்ன சொல்லுவீங்க?" கொஞ்சம் யோசிச்சுட்டு சொன்னாங்க. "கேட்டா ஆமான்னு சொல்றேன். காட்ட மாட்டேன், ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன். போதுமா?" போதும். காட்டாம இருக்கறதுக்கும் இல்லைன்னு சத்தியம் பண்றதுக்கும் நடுவுல இப்படி ஒரு இடம் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை. நாற்காலியில ஏறி உக்காந்த உடனே முதல் கேள்வியே அதுதான். "இன்னிக்கு ஊசி முக்கொம்பா?"

டாக்டருக்கு கதை தெரியும். "ஆமா குட்டிம்மா. முதல்ல ஸ்ட்ராபெர்ரி ஜெல்லி தடவுவேன். அப்புறம் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். சித்தி மெதுவா முப்பது எண்ணுவாங்க, அதுக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் உன் உதடு குண்டாயிட்ட மாதிரி இருக்கும், ஆனா கண்ணாடியில பாத்தா அப்படியேதான் இருக்கும். மத்த வேலைக்கெல்லாம் நிறுத்தணும்னா இடது கையைத் தூக்கு, நிறுத்திடுவேன்."

குட்டி அழுதா. அழலைன்னு நான் எழுதினா அது கதை. முகமெல்லாம் சிவந்து, என் கையை நகம் பதியற அளவுக்குப் பிடிச்சுகிட்டு அழுதா. ஆனா வாயை மூடல. நான் எண்ணிகிட்டே இருந்தேன். பதினேழுல கண்ணுலேர்ந்து பொலபொலன்னு கொட்டிச்சு. பின்னாடி அக்கா விசும்பற சத்தம். இருபதுலேர்ந்து நேரா முப்பதுக்குத் தாவிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தாவல. யூகேஜி, நூறு வரைக்கும் எண்ணத் தெரியும் அவளுக்கு. மருந்தை மெதுவா ஏத்தினாத்தான் வலி கம்மின்னு டாக்டர் வேற சொல்லியிருந்தாங்க. இருபத்தொம்போது, முப்பது. முடிஞ்சுது.

அப்புறம் நடந்த வேலைக்கு நடுவுல மூணு தடவை கையைத் தூக்கினா. மூணு தடவையும் டாக்டர் நிறுத்தினாங்க. முதல் தடவை நிஜமாவே கஷ்டமா இருந்துச்சு போல. மத்த ரெண்டும், நிறுத்தறாங்களான்னு செக் பண்ணத்தான் தூக்கினான்னு எனக்கு சந்தேகம். ஆடிட்டிங் படிக்க வைக்கணும் அவளை.

ராத்திரி தோழிகிட்ட அழுதுட்டாளேன்னு வருத்தப்பட்டேன். 1962ல ஃபிராங்கிள்னு ஒருத்தர் குழந்தைங்க நடந்துக்கறதை நாலு படியா பிரிச்சு வெச்சாராம். ஒண்ணு முழுசா மறுக்கறது, நாலு ஜாலியா ஒத்துழைக்கிறது. தயங்கித் தயங்கி சிகிச்சைக்கு ஒத்துக்கறது மூணாம் படி. "உங்க குட்டி மூணுடி. நாங்க மூணு கிடைச்சாலே சாமி கும்பிடுவோம்"னா.

போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊசி போட்ட பிறகு ரெண்டு மூணு மணி நேரம் உதடு, கன்னமெல்லாம் மரத்துப் போயிருக்கும். குழந்தைக்கு அது வினோதமா இருக்கும், கடிச்சுப் பாக்கும், கிள்ளிப் பாக்கும். வலி தெரியாததால ரத்தம் வர்ற அளவுக்குக் கடிச்சுடும், சாயங்காலம் உதடு வீங்கி நிக்கும். மரத்தது தெளியற வரைக்கும் மெல்லற சாப்பாடு எதுவும் குடுக்காம பக்கத்துலயே உக்காந்திருங்க. நான் உக்காந்திருந்தேன். சோட்டா பீம் எத்தனை எபிசோட் பாத்தேன்னு கணக்கே இல்ல.

இப்ப குட்டி வாயில பளபளன்னு ஒரு வெள்ளிப் பல். பால் பல் விழும்போது அதுவும் சேர்ந்து விழுந்துடுமாம். கூரை மேல வீசாம பத்திரமா வெச்சுக்கணும்னு இப்பவே ஆர்டர் போட்டாச்சு. ஸ்கூல்ல எல்லாரும் காட்டுடி காட்டுடின்னு கேக்கறாங்களாம். ஒரு தடவை வாயைத் திறந்து காட்ட ஒரு ஸ்டிக்கர். இதுவரைக்கும் பதினொண்ணு வசூல்.

ஆறு மாசம் கழிச்சு திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. போன வாரம் சாப்பிடும்போது அக்கா ஒரு பக்கமாவே மென்னுகிட்டு இருந்தா. ஏன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறா. குட்டி டார்ச்சும் மருந்து ஸ்பூனும் எடுத்துட்டு வந்து, "அம்மா, நாற்காலியில சாஞ்சுக்கோ, முதல்ல எண்ணத்தான் போறேன்"ங்கறா. அக்கா இன்னும் வாயைத் திறக்கல :-)